சிவப்பில் நிற்கும் பாப்பம்மாள்

ஒரகடத்து மன்றத்தார் டி.வி. வாங்கிவிட்டார்கள் என்ற செய்தி வல்லத்துக்கு வந்த அன்று தணிகாசலத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் வல்லம் இளைஞர் நற்பணி மன்றத்தின் தலைவர். வயது நாற்பத்தெட்டு. இளைஞர் என்று சொல்லும்படி இருந்தவர்கள் எல்லாம் கிண்டிக்கும் அம்பத்தூருக்கும் ஷிப்டுக்குப் போய்விட்டதால், வேறு ஆளில்லாமல் அவரே வருஷக்கணக்கில் தலைவராக இருந்துவந்தார். மன்றத்தின் சொத்து ஒரு கேரம் போர்டும், பால் சங்கம் காலி செய்துவிட்டுப் போன ஓர் ஓட்டுக் கட்டடமும். மழைநாளில் கட்டடத்துக்குள் புளித்த பால் வாடை அடிக்கும்.

"டி.வி.ய எவன் வேணா வாங்குவான். அவன்கிட்ட இல்லாத ஒண்ண நாம வெக்கணும்" என்று அவர் செயற்குழுவில் சொன்னார். அன்றைய செயற்குழு அவரும் கோதண்டமும்தான். கோதண்டம் மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுகிறவன். நைட் ஷிப்டு முடித்துவிட்டு வந்து, சுவரில் சாய்ந்து பாதித் தூக்கத்தில் இருந்தான்.

"வெச்சிடலாண்ணே" என்றான், கண்ணைத் திறக்காமல்.

தணிகாசலம் ஒருமுறை மெட்ராஸ் போயிருந்தபோது மழைக்கு ஒதுங்கிய இடம் ஓர் ஓவியக்கூடமாக அமைந்துவிட்டது. சுவர் நிறையப் படங்கள். யாரும் சத்தம் போடவில்லை. வந்தவர்கள் எல்லாம் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார்கள். கடைசியில் ஒருவர் இவரையும் விருந்தாளி என்று நினைத்து பிஸ்கட்டும் காபியும் கொடுத்தார். அந்த மரியாதை அவர் மனதில் தங்கிவிட்டது. ஆகவே பால் சங்கக் கட்டடத்துக்கு வெள்ளையடித்து, வாசலில் 'சமுதாயக் கலைக்கூடம்' என்று நீலத்தில் எழுதினார்கள். ஒரகடத்தில் இது கிடையாது. மெட்ராசுக்கு இந்தப் பக்கம் எங்குமே கிடையாது என்பது தணிகாசலத்தின் எண்ணம். கூடம் தயாராகிவிட்டது. உள்ளே மாட்டுவதற்குத்தான் படம் இல்லை.

அப்போதுதான் அவருக்கு ஸ்ரீபெரும்புதூர் லாரி டிரைவர் தாவீதின் மகள் ரத்னாவின் ஞாபகம் வந்தது.

ரத்னா மெட்ராசில் ஓவியம் படித்துவிட்டு தன் ஊரிலேயே ஒரு பள்ளியில் டிராயிங் டீச்சராக இருந்தாள். பிள்ளைகளுக்கு மாம்பழமும் தேசியக்கொடியும் வரையச் சொல்லிக்கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து பெரிய பெரிய கித்தான்களில் தனக்காக வரைவாள். அவற்றில் மாம்பழம் இருக்காது. எதுவுமே இருக்காது என்பது தாவீதின் கருத்து. மகளிடம் அதை அவர் சொன்னதில்லை. மெட்ராசில் இரண்டு முறை மற்றவர்களோடு சேர்ந்து கண்காட்சி வைத்தாள். இரண்டு முறையும் அவளுக்குக் கிடைத்தது கழிப்பறைக்குப் போகிற வழியில் இருந்த சுவர். அந்தப் பக்கம் போனவர்கள் தலையை ஒருபக்கமாகச் சாய்த்துப் பார்த்து, "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு அவசரமாகப் போனார்கள். எது நல்லா இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை.

இப்போது ஒரு கட்டடம் முழுவதையும் தருகிறேன் என்று ஒருவர் வந்து நிற்கிறார். ரத்னா உடனே சரி என்றாள்.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரம், அரையாண்டு விடுமுறையில் கண்காட்சி என்று முடிவாயிற்று. தாவீது லாரியில் படங்களைக் கொண்டுவந்து இறக்கினார். ரத்னா தன் கையாலேயே எல்லாவற்றையும் மாட்டினாள். ஆகப் பெரியதை வாசலுக்கு நேர் எதிரே வைத்தாள். படம் முழுக்க ஒரே சிவப்பு. அதன் நடுவே கருப்பாக ஒரு திரள், முன்னால் பாய்வதுபோலச் சாய்ந்து நின்றது. அதிலிருந்து வெள்ளையாக ஒரு கீற்று இடப்பக்கம் மேலே ஏறியது. அதற்கு அவள் 'சலனம்' என்று பெயர் வைத்திருந்தாள். பேரைப் படித்த தணிகாசலம், "சலவைன்னு வெச்சிருந்தா ஜனங்களுக்குப் புரியும்" என்றார். ரத்னா அடுத்த படத்தை எடுத்து மாட்டினாள்.

நோட்டீஸ் அச்சடித்தது தணிகாசலம். 'மாபெரும் நவீன ஓவியக் கண்காட்சி' என்று எழுதிக் கொடுத்தார். அச்சகத்துக்காரர் கண்காட்சி என்ற சொல்லை மட்டும் கவனித்து, தன்னிடம் இருந்த ராட்டினப் படம் போட்ட அச்சு பிளாக் ஒன்றை எடுத்து மேலே போட்டு அடித்துவிட்டார். பார்க்க எடுப்பாக இருந்ததால் தணிகாசலமும் அப்படியே வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வல்லம், வடகால், அக்கம்பக்கத்துக் குடியிருப்புகள் எல்லாம் திரண்டு வந்தன. பிள்ளைகளுக்குப் புதுச்சட்டை. பெண்கள் பூ வைத்திருந்தார்கள். தூக்குச்சட்டியில் புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. ரத்னா வாசலில் நின்று ஒவ்வொருவரையும் கும்பிட்டு வரவேற்றாள்.

முதலில் உள்ளே வந்த பெரியவர் நான்கு சுவரையும் பார்த்துவிட்டு, பின்பக்கக் கதவையும் திறந்து பார்த்தார்.

"ராட்டினம் எங்கம்மா?"

"ராட்டினம் இல்லைங்க. ஓவியம்."

"டெல்லி அப்பளமாவது போடுவீங்களா?"

"இல்லைங்க. பிஸ்கட்டு தருவாங்க."

பிஸ்கட் பத்து நிமிஷத்தில் தீர்ந்தது. பதினோரு மணிக்குக் கூடத்தில் ரத்னாவும் தணிகாசலமும் மட்டும் இருந்தார்கள். வெளியே வேப்பமரத்தடியில் ஜனங்கள் புளிச்சோறு சாப்பிட்டுக்கொண்டு மன்றத்தை ஏசிக்கொண்டிருந்தார்கள்.

"மொத நாள் அப்டித்தான் டீச்சர்" என்றார் தணிகாசலம். அவருக்கே அதில் நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை வந்த முதல் பார்வையாளர் ஓர் ஆடு. அதைத் தேடிக்கொண்டு இரண்டாவதாக அம்சவல்லி வந்தாள். ஆட்டின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பியவள் எதிர்ச்சுவரைப் பார்த்தாள். அப்படியே நின்றாள். ஆட்டை விட்டுவிட்டு இடுப்பில் கைவைத்துச் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"இன்னாம்மா சிரிக்கிறீங்க?" என்று ரத்னா கேட்டாள். கோபப்படுவதா சந்தோஷப்படுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. படத்தைப் பார்த்து ஒருத்தி ஏதோ செய்தாள் என்பதே புதுசாக இருந்தது.

"நம்ம பாப்பம்மாவ அப்டியே எய்தி வெச்சிக்கிறியே" என்று சொல்லிவிட்டு, ஆட்டை மறந்து அவள் ஓடினாள்.

பாப்பம்மாள் யார் என்று ரத்னாவுக்குத் தெரியாது. வல்லத்தில் அவளைத் தெரியாதவர்கள் இல்லை. ஏரி மடையை ஒட்டி அவளுக்கும் அவள் புருஷன் எல்லப்பனுக்கும் இரண்டு காணி நிலம் இருந்தது. தண்ணீர் முறை தப்பினால் பாப்பம்மாள் மடைமேல் ஏறி நின்று பேசுவாள். அவள் அங்கிருந்து சத்தம் போட்டால் ரோட்டில் போகிற பஸ் நிற்கும் என்பார்கள். ஒருமுறை நின்றும் இருக்கிறது. எல்லப்பன் பேசவே மாட்டார். பேசுவதற்கு அவருக்கு முறை வந்ததில்லை.

அம்சவல்லி குழாயடியில் போட்ட செய்தி மத்தியானத்துக்குள் ஊரைச் சுற்றியது. சாயங்காலம் கூடத்தில் நிற்க இடமில்லை.

"அதோ பாரு, கொண்டை."

"கொண்டை இல்ல. அது தலைல போட்டுக்கற முந்தானி."

"மடை மேல நிக்கறா. கீய கருப்பா கீது பாரு, அதான் மடை."

"கைய தூக்கிகினு இருக்கிறா பாரு. இன்னா பேசறான்றதுகூட எனக்குக் கேக்குது" என்றான் கோதண்டம். அன்றைக்கு அவனுக்கு வீக்லி ஆஃப். முழு விழிப்பில் இருந்தான்.

ரத்னா நடுவில் போய் நின்று விளக்கினாள். இது யாருடைய படமும் இல்லை, இது ஓர் உணர்வு, நிறத்தாலேயே அதைச் சொல்லப் பார்த்திருக்கிறேன் என்றாள்.

"அதான் டீச்சர். பாப்பம்மா அக்காவோட உணர்வு" என்றான் கோதண்டம் மரியாதையாக.

தணிகாசலம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். செய்தி இன்னும் பாப்பம்மாளுக்கு எட்டவில்லை. எட்டினால் கூடத்தில் ஓடு தங்காது. மறுநாள் காலையில் முதல் வேலையாகத் தன் வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து படத்தின் மேல் தொங்கவிட்டார். இதைவிடத் தவறான காரியத்தை அவர் செய்திருக்க முடியாது. மன்றத்தில் ஒரு படத்தைத் துணி போட்டு மூடியிருக்கிறார்கள் என்று தெரிந்ததும், அதுவரை வராத ஆண்கள் எல்லாரும் வந்தார்கள். தனித்தனியாக வந்து, மற்றப் படங்களைப் பார்ப்பதுபோல நடந்து, வேட்டியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார்கள். ஏமாற்றத்தோடு விட்டார்கள். ஆனால் வெளியே போய், "ஐயய்யோ, பொம்பளைங்க பாக்கற மாதிரி இல்ல" என்று சொன்னார்கள்.

எனவே பாப்பம்மாள் காதுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தபோது அது இப்படி இருந்தது: பால் சங்கத்துக் கட்டடத்தில் அவளைத் துணியில்லாமல் வரைந்து, அதற்கு மேல் தணிகாசலத்தின் வேட்டியைப் போட்டிருக்கிறார்கள்.

அவள் நாற்று வயலிலிருந்து நேராக வந்தாள். முழங்கால் வரை சேறு. கையில் மண்வெட்டி. பின்னால் பாதி ஊர். தணிகாசலம் கேரம் போர்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"தொற" என்றாள்.

யாரும் அசையவில்லை. அவளே மண்வெட்டியின் காம்பால் வேட்டியைத் தள்ளினாள். அது கீழே விழுந்தது. பாப்பம்மாள் படத்தைப் பார்த்தாள். கூட்டம் அவளைப் பார்த்தது. இவ்வளவு நேரம் அவள் பேசாமல் இருந்து வல்லத்தில் யாரும் பார்த்ததில்லை.

"துணி கட்டிகினுதான கீது" என்றாள் கடைசியில், கூட்டத்தைப் பார்த்து. பிறகு ரத்னாவிடம் திரும்பினாள். "இந்தாம்மா, நீதான் வரைஞ்சியா?"

"ஆமாம்மா."

"இது நானா?"

"இல்லைங்கம்மா. உங்களை நான் இன்னிக்குத்தான் பாக்கறேன்."

இதைச் சொன்னால் அவள் கோபம் தணியும் என்று ரத்னா நினைத்தாள். பாப்பம்மாளின் முகம் விழுந்துவிட்டது.

"இன்னிக்குத்தான் பாக்கிறியா? பெரும்புதூர்ல என்னப் பத்தி ஒருத்தரும் சொல்லல?"

"இல்லைங்க."

"அப்ப இது யாரு?"

"யாரும் இல்லம்மா. மனசுல ஒரு வேகம் வருமில்ல, அதுதான்."

"யாருக்கு வந்த வேகம்?"

"எனக்குத்தான்."

பாப்பம்மாள் அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். ஒல்லிக் கை, மூக்குக் கண்ணாடி, இஸ்திரி போட்ட காட்டன் புடவை.

"உனக்கு இவ்ளோ வராதும்மா" என்றாள், ஆறுதலாக.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ரத்னாவுக்கு முகம் சிவந்தது. மெட்ராசில் யாரும் அவளிடம் இப்படிப் பேசியதில்லை. பதிலுக்கு ஏதாவது சொல்லவேண்டும்போல இருந்தது. ஆனால் பாப்பம்மாள் அதற்குள் வேறு பக்கம் திரும்பிவிட்டாள்.

"எங்க அவுரு? இட்டுகினு வாங்க."

எல்லப்பனைக் கூட்டத்தின் கடைசியிலிருந்து முன்னால் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஊரே அவர் வாயைப் பார்த்தது.

"நீ சொல்லு. இது நானா, இல்லியா?"

எல்லப்பன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். ஆமாம் என்றாலும் ஆபத்து, இல்லை என்றாலும் ஆபத்து. படத்துக்குப் பக்கத்தில் போனார். பின்னால் வந்தார். மறுபடி பக்கத்தில் போனார். கோதண்டம் உட்காருவதற்கு ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து வைத்தான். அவர் உட்காரவில்லை.

"கை தப்பு" என்றார்.

"இன்னாது?"

"கை தப்பா போட்டுக்கிது. நீ எடது கையத்தான் தூக்குவ. சோத்துக்கைல மம்பட்டி இருக்கும். கத்தும்போது தலைய இப்டி ஒரு வெட்டு வெட்டுவ, அது சரியா வந்துக்கிது. அப்பால பெருவெரல ஊனிகினு நிப்ப. அது இதுல தெரியல."

எல்லப்பன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதைக் கேட்டு அம்சவல்லிக்குச் சிரிப்பே வரவில்லை. பாப்பம்மாள் தன் வலதுகையைப் பார்த்தாள். அதில் மண்வெட்டி இருந்தது. இடதுகை மேலே தூக்கியபடி இருந்தது. அவள் அதைக் கீழே இறக்கி முந்தானையில் துடைத்தாள்.

"இத்தினி வருஷமா காது கேக்காத மாதிரி கம்முனு கெடக்கறாருன்னு இருந்தேன்" என்றாள், யாரிடமும் என்று இல்லாமல். "பாத்துகினு இல்ல இருந்துக்கிறாரு."

சொல்லிவிட்டு அவளே முதலில் சிரித்தாள். அதற்காகவே காத்திருந்ததுபோல ஊர் சிரித்தது. தணிகாசலம் கேரம் போர்டுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து வேட்டியை எடுத்து மடித்துக்கொண்டார்.

அன்று வீட்டுக்குப் போகிற பஸ்சில் ரத்னாவுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஒருவருக்காவது படம் புரிந்ததா? பிறகு யோசித்துப் பார்த்தாள். மெட்ராசில் அவள் படத்துக்கு முன்னால் ஒரு கப் காபி குடிக்கிற நேரத்துக்கு மேல் நின்றவர் கிடையாது. இங்கே ஒரு மனிதர் பெருவிரலைத் தேடிக்கொண்டு நின்றார். எரிச்சல் போகவில்லை; ஆனால் மறுநாள் அவள் முதல் பஸ்சிலேயே வல்லத்துக்கு வந்துவிட்டாள்.

அவளுக்கு முன்பே வாசலில் கூட்டம் நின்றது. பாப்பம்மாளைப் பெரிதாக எழுதி நடுவில் மாட்டியிருக்கும்போது மற்றவர்கள் எங்கே என்பது இப்போது கேள்வி. வட்டம் வட்டமாகச் சாம்பல் நிறத்தில் இருந்தது தான் லேத்தில் ஓ.டி. பார்க்கிற காட்சி என்று கோதண்டம் சொன்னான். நீலப் படத்தைச் செங்கமலம் தன் வீட்டுக் கிணறு என்றாள். மஞ்சள் பட்டைகள் கொண்ட படத்துக்கு அண்ணன் தம்பி இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள். பாகம் பிரிக்காத தங்கள் களத்துமேடு அது என்றும், நடுவிலிருந்த கோடு ஒருவன் பக்கம் அதிகம் தள்ளிப் போயிருக்கிறது என்றும் தகராறு. ரத்னா ஒவ்வொருவரிடமும் இல்லைங்க, இல்லைங்க என்றே சொல்லிவந்தாள். அவர்கள் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அம்சவல்லியும் தன்னைத் தேடினாள். பாப்பம்மாள் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், மூலையில் இருந்த சின்னப் பழுப்புப் படத்தைக் காட்டினாள். "இதான் நீ. ஆட்டோட."

சாயங்காலம் எல்லாரும் போனபின் தணிகாசலம் மட்டும் ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு போனார். பச்சைப் படம் ஒன்றின் முன்னால் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

"டீச்சர், சும்மா கேக்கறேன். இந்த அடியில ஓரமா வெள்ளையா சின்னதா ஒண்ணு கீதே. பாக்கறதுக்குச் சட்டை மாதிரி இருக்குது இல்ல?"

அது கித்தானில் வண்ணம் படாமல் விட்டுப்போன இடம். ரத்னா அவரைப் பார்த்தாள். இத்தனை நாளாகத் தினமும் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, வாசல் பெருக்கி, தண்ணீர் தெளித்து, காபிக்குச் சொல்லிவிட்டு நின்ற மனிதர். ஊரில் எல்லாரையும் சுவரில் பார்த்தாயிற்று. இவரைப் பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை.

"அது நீங்கதான் தலைவரே" என்றாள்.

"ஆனா எல்லாத்துக்கும் கீய இல்ல இருக்கறேன்?"

"தாங்கிப் பிடிச்சுக்கினு இருக்கீங்க."

தணிகாசலம் இன்னொரு முறை கண்ணாடியைத் துடைத்தார். மறுநாள் வீட்டில் எல்லாரையும் அழைத்துவந்து காட்டினார். அந்தப் படத்துக்கு மட்டும் தனியாக ஒரு பல்பு போட்டார். விஷயம் வெளியே வந்ததும் கோதண்டம் முறையிட்டான்: "அவுருக்கு ஆமான்னு சொன்னீங்களாமே டீச்சர், எனக்கு மட்டும் இன்னா இல்லன்றது?" ரத்னாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. அவனுக்கும் ஆமாம் என்றாள். செங்கமலத்தின் கிணற்றுக்கும் ஆமாம் என்றாள். அண்ணன் தம்பிக்கு, கோடு சரியாக நடுவில்தான் இருக்கிறது, சுவர்தான் கோணல் என்றாள். கடைசி நாள் மாலைக்குள் கலைக்கூடத்தில் ஆள் இல்லாத படம் ஒன்றுகூட இல்லை.

படங்களை லாரியில் ஏற்றும்போது பாப்பம்மாள் வழிமறித்தாள்.

"என்ன எங்க எடுத்துகினு போற?"

"டெல்லில ஒரு கண்காட்சிக்கு எழுதிப் போட்டிருந்தேன், இந்தப் படத்தக் கேட்டிருக்காங்கம்மா."

"டெல்லிக்கா?" பாப்பம்மாள் சற்று யோசித்தாள். "அங்க குளுரு அதிகம்ன்றாங்களே." பிறகு எல்லப்பனை வீட்டுக்கு அனுப்பி வைக்கோலும் தன் பழைய புடவை ஒன்றும் எடுத்துவரச் சொன்னாள். படத்தைச் சுற்றி அவளே கட்டினாள். தாவீது லாரியை எடுக்கும்வரை, எந்தப் பள்ளத்தில் எப்படி ஓட்டவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

டெல்லிக்கு ரத்னாவும் ரயிலில் போனாள். பெரிய மண்டபம், பளிங்குத் தரை, ஒவ்வொரு படத்துக்கும் தனி விளக்கு. கோட்டு போட்டவர்கள் வந்தார்கள். அவள் படத்துக்கு முன்னால் தலையைச் சாய்த்தார்கள். அடுத்த படத்துக்குப் போனார்கள். அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டு, யாராவது ஒருவர் இது யார் என்று கேட்கமாட்டாரா என்று பார்த்தாள். கேட்டால் சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்திருந்தாள். யாரும் கேட்கவில்லை.

பங்குனியில் படம் திரும்பி வந்தது. அதை வீட்டில் வைத்துக்கொள்ள அவளுக்கு மனமில்லை. அப்பாவின் லாரியிலேயே வல்லத்துக்குக் கொண்டுபோனாள். பாப்பம்மாள் களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தாள். லாரியைப் பார்த்ததும் முறத்தைப் போட்டுவிட்டு வந்தாள்.

"டெல்லில இன்னா சொன்னானுங்க?"

நல்ல பதிலாக ஒன்று சொல்லலாம் என்று ரத்னா வழியெல்லாம் யோசித்து வந்திருந்தாள். நேரில் பார்த்ததும் வாய் வரவில்லை.

"யாரும் ஒண்ணும் சொல்லலம்மா. வந்தாங்க, பாத்தாங்க, போயிட்டாங்க."

"ஒருத்தன்கூட வாயத் தொறக்கல?"

"இல்லம்மா."

பாப்பம்மாள் தலையில் ஒட்டியிருந்த பதரைத் தட்டிவிட்டாள்.

"பயந்துட்டானுங்க" என்றாள்.

டெல்லியிலிருந்து வந்த நாளாக ரத்னாவுக்கு நெஞ்சில் கல்லாக இருந்த எதுவோ உருண்டு போயிற்று. அவள் லாரியின் பலகையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தாவீதும் சிரித்தார். எதற்கு என்று தெரியாமலே பாப்பம்மாளும் சிரித்துவிட்டு, தணிகாசலத்தைக் கூப்பிட்டுக் கூடத்தைத் திறக்கச் சொன்னாள்.

படத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறேன் என்று ரத்னா சொன்னபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. அது அங்கேதான் இருக்கவேண்டும் என்று அவர்கள் முன்பே முடிவு செய்திருந்தார்கள். எல்லப்பன் ஏணி கொண்டுவந்தார். கோதண்டம் ஆணி அடித்தான். இன்னும் கொஞ்சம் மேலே, இந்தப் பக்கம், சரிஞ்சிட்டுது பாரு என்று பாப்பம்மாள் கீழே நின்று சொல்லிக்கொண்டிருந்தது, ரோட்டில் பஸ்சுக்கு நின்றவர்களுக்கெல்லாம் தெளிவாகக் கேட்டது.